கோல்ஷா ஆல்ட்டா, யார் ஊர் பீர் நல்லது: வாசகர் கேள்வி பதில்

போன மாசம் இந்தப் பகுதியில, ஜெர்மனியில கொலோன் நகரத்துல நான் இருந்த பதினோரு வருஷத்தைப் பத்தி எழுதும்போது அந்த ஊர் பீர் கோல்ஷ் பத்தி நாலு வரி எழுதியிருந்தேன், திருச்சிக்கு திரும்பி வந்த பிறகு அது ஒண்ணுக்குத்தான் மனசு ஏங்குதுன்னு. அந்த நாலு வரிக்கு வந்த மெயில் மாதிரி வேற எதுக்கும் இதுவரைக்கும் வந்ததில்ல. அதனால இந்த மாசம் பூரா பீர் கேள்விகள்தான்.

அண்ணா, நான் டுசல்டோர்ஃபில பிறந்து வளர்ந்தனான், கலியாணம் கட்டினது கொலோன்காரரை. எங்கட ஊர் ஆல்ட் பீரை அவர் கருகின தண்ணி எண்டுவார், எனக்கு கோல்ஷ் குடிச்சால் ஒண்டும் குடிச்ச மாதிரியே இருக்காது. ரெண்டு வீட்டு ஆக்களும் சேர்ந்தால் இதே கதைதான். நீங்கள் கொலோன்ல இருந்தனீங்கள், எண்டாலும் நேர்மையா சொல்லுங்கோ, எது நல்லது?
- வாசகி, டுசல்டோர்ஃப்

தங்கச்சி, நேர்மையா சொல்லச் சொன்னதால சொல்றேன், மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும் எனக்கு கோல்ஷ், நவம்பர் குளிர் வந்துட்டா ஆல்ட். இதை கொலோன்ல ஆபீஸ்ல ஒரு நாள் சொன்னப்போ பக்கத்து சீட்காரர் முகமே வாடிருச்சு, அதனால உங்க வீட்டு நிலவரம் எனக்கு நல்லாவே புரியுது.

ஆனா உங்க வீட்டுக்காரர்கிட்ட ஒண்ணு சொல்லுங்க, ரெண்டும் பங்காளிங்க. ரெண்டு ஊருக்கும் நடுவுல 40 கிலோமீட்டர்தான், ரெண்டு பீரும் கொஞ்சம் வெதுவெதுப்புல வேலை செஞ்சு மேல திரண்டு வர்ற ஈஸ்ட்ல காய்ச்சுறது, அதுக்கப்புறம் ரெண்டையும் வாரக்கணக்குல ஜில்லுனு வெச்சு தெளிய விடுறாங்க. 19ம் நூற்றாண்டுல ஜெர்மனியில பெரும்பாலான ஊர் குளிர்ல அடியில தங்குற ஈஸ்ட்டுக்கு, அதாவது லாகர் பக்கம் போயிட்டப்போ, ரைன் ஆத்துக் கரையில இந்த ரெண்டு ஊரும் பழைய வழிய விடல. ஆல்ட்னாலே பழசுன்னுதானே அர்த்தம், பழைய முறையில காய்ச்சினதுன்னு. வித்தியாசம் முக்கியமா மால்ட்லதான், அதாவது முளை கட்டி காய வெச்ச பார்லியில, கோல்ஷுக்கு வெளிர் மால்ட், ஆல்ட்டுக்கு கொஞ்சம் நிறமா வறுத்தது, அதுல ஒரு ரொட்டி ஓரத்து மணம் வரும், கசப்பும் ஒரு படி தூக்கலா இருக்கும். உங்க ஊர்ல ஊரிகேன்னு ஒரு கடை இருக்கே, அந்த ஆல்ட் முதல் வாய்க்கு நாக்கை இழுத்துப் பிடிக்கும் பாருங்க, அந்தக் கசப்பு கோல்ஷ்ல வரவே வராது, வரவும் கூடாது.

கொலோன்காரங்க கோல்ஷை ஏதோ ரோமானியர் காலத்துல இருந்து குடிக்கிற மாதிரி பேசுவாங்க, அன்புல பேசுறது அது. ஆனா அந்த தெளிஞ்ச மஞ்சள் பீரை சூன்னர் பிரூவரி 1906ல காய்ச்ச ஆரம்பிச்சு 1918லதான் கோல்ஷ்ங்கற பேர்ல வித்தாங்க, அதுக்கு முன்னாடி அந்த ஊர்ல குடிச்சதுல வீஸ்னு வடிகட்டாம கலங்கலா ஒண்ணு உண்டு. நூறு வருஷத்துல ஒரு பீர் ஊர் பேரையே தாங்கிடுச்சு, அந்த ஊர் பேச்சுக்கும் பேரு கோல்ஷ், பீருக்கும் பேரு கோல்ஷ். எனக்கு அதுல பெரிய ஆச்சரியம் உண்டு.

அப்புறம் பகைன்னு ஆரம்பிச்சா ரெண்டு பக்கமும் 1288ல நடந்த வோரிங்கன் போரை இழுப்பாங்க. அந்தப் போர்ல தோத்தது கொலோன் பேராயர், கொலோன் மக்கள் அவருக்கு எதிரா, டுசல்டோர்ஃப் இருந்த சீமையை ஆண்ட பெர்க் பிரபுவோட சேர்ந்து நின்னாங்க, ஜெயிச்ச பெர்க் பிரபு அதே வருஷம் ஆகஸ்ட்ல டுசல்டோர்ஃபுக்கு நகர உரிமை குடுத்தார். ஆக அன்னைக்கு ரெண்டு ஊரும் ஒரே பக்கம்தான் நின்னுச்சு. அடுத்த தடவை குடும்பம் கூடும்போது இதைச் சொல்லிப் பாருங்க.

ஒரு தடவை எங்க வீட்டு சமையலறையில அஞ்சு பேருக்கு கண்ணைக் கட்டி ரெண்டையும் குடுத்தோம், மூணு பேர் மாத்திச் சொன்னாங்க, அதுல ரெண்டு பேர் கொலோன்லயே பிறந்தவங்க. கண்ணுக்குத் தெரியற நிறமும் சேர்ந்துதான் ருசி ஆகுதுன்னு அன்னைக்கு எனக்குத் தெரிஞ்சுது. உங்க வீட்லயும் செஞ்சு பாருங்க, தோத்தவங்களுக்கு வருத்தம் வராம பார்த்துக்கங்க.

சார், மசாலா ஏற்றுமதி பண்றோம், அனுகா உணவுக் கண்காட்சிக்காக முதல் முறையா கொலோன் போறேன். ரெண்டு சாயங்காலம்தான் ஃப்ரீ. எங்க போய் எப்படி ஆர்டர் பண்ணணும்? நான் சைவம்.
- வாசகர், ஈரோடு

ஆர்டர் பண்றதுக்கு அங்க பெருசா ஒண்ணும் இல்லைங்க, உட்கார்ந்தாலே பாதி வேலை முடிஞ்சுது. நீல ஏப்ரன் கட்டின சர்வர் வருவார், அவருக்கு கோபெஸ்னு பேர், யாகோப்ங்கற பேரை கொலோன் பேச்சுல அப்படி சொல்லுவாங்க. கையில வட்டமா ஒரு தட்டு இருக்கும், நடுவுல பிடி, சுத்தி குழிகுழியா கிளாஸ் சொருகியிருக்கும். கிளாஸ் ஒல்லியா நேரா உயரமா 0.2 லிட்டர்தான். காலியானதும் நீங்க கேட்காமலே அடுத்தது வந்துடும், உங்க கிளாஸுக்கு அடியில இருக்கற அட்டையில பென்சில்ல ஒரு கோடு போட்டுட்டுப் போயிடுவார், கடைசியில கோட்டை எண்ணித்தான் பில்லு. போதும்னா அந்த அட்டையை எடுத்து கிளாஸ் மேல மூடி வெச்சுடுங்க. இது தெரியாம என் முதல் நாள் நான் மரியாதைக்கு குடிச்சுக் குடிச்சு ஒன்பது கோடு ஆயிடுச்சு, வேண்டாம்னு சொன்னா தப்பா எடுத்துப்பாங்கன்னு பயம்.

ஏன் இத்தனூண்டு கிளாஸ்னு வெளியூர்காரங்க எல்லாருமே கேட்பாங்க. கோல்ஷ்ல நுரை சீக்கிரம் அடங்கிடும், நின்னா ருசி செத்துடும், அதனால கொஞ்சம் கொஞ்சமா புதுசா குடிக்கறதுதான் அதுக்கு முறை. நம்ம டபரா செட்ல காபியை ஆத்தி சூடு ஆறுறதுக்குள்ள குடிக்கற மாதிரி வெச்சுக்கங்களேன்.

கதீட்ரல் பக்கத்துலயே ஃப்ரூன்னு ஒரு பீர் கடை இருக்கு, 1904ல ஆரம்பிச்சது, கூட்டமா இருக்கும், முதல் நாளுக்கு அது நல்லது. ரெண்டாவது நாள் ஃப்ரீசன் தெருவுல பெஃப்கன் போங்க, 1883ல இருந்து நடக்குது, பீப்பாயில இருந்து நேரா பிடிச்சுக் குடுப்பாங்க, என் மனசு முழுக்க அந்தக் கடைதான். சாப்பாட்டுக்கு மெனுவுல 'ஹால்வே ஹான்'னு இருக்கும், அரை சேவல்னு அர்த்தம் வர்ற மாதிரி இருந்தாலும் அதுல கோழியே இல்ல, கம்பு மாதிரி கருப்பா இருக்கற ரை மாவு பன், தடிமனா சீஸ், கடுகு, வெங்காயம், அவ்வளவுதான், நீங்க தாராளமா சாப்பிடலாம். 'ஹிம்மல் உன் எய்ட்'ல உருளைக்கிழங்கு ஆப்பிள்னு போட்டிருந்தாலும் கூட ரத்தத்துல செஞ்ச சாசேஜ் வரும், அதைத் தொடாதீங்க. தயவு செஞ்சு அங்க உட்கார்ந்து ஆல்ட் மட்டும் கேட்டுடாதீங்க.

உங்க கட்டுரை படிச்சுட்டு வெளிநாட்டுல இருந்து வந்த நண்பர்கிட்ட சொல்லி ஒரு பாட்டில் கோல்ஷ் வாங்கிட்டு வரச் சொன்னேன். சுமாராத்தான் இருந்துச்சு. நீங்க ஊர் பாசத்துல கூட்டி எழுதிட்டீங்களா?
- வாசகர், திருப்பூர்

பாசம் இருக்கு, மறுக்கல. ஆனா உங்க நாக்கும் பொய் சொல்லல. கோல்ஷ் மாதிரி மெல்லிசான பீர்ல சின்னக் குறை வந்தாலும் மறைக்கறதுக்கு வறுத்த மால்ட்டோ கசப்புக்குப் போடற காரமான ஹாப்ஸ் பூவோ இல்ல, எல்லாம் அப்படியே தெரிஞ்சுடும். மாசக்கணக்குல சூட்டுல கிடந்தா பாட்டிலுக்குள்ள இருக்கற கொஞ்சூண்டு ஆக்சிஜனே போதும், நனைஞ்ச அட்டைப்பெட்டி வாசனை வர ஆரம்பிச்சுடும். வெளிச்சம் பட்டா அது இன்னொரு கொடுமை, ஹாப்ஸ்ல இருக்கற கசப்புப் பொருள் உடைஞ்சு கந்தகம் சேர்ந்த ஒண்ணு உருவாகும், அது துளியூண்டு இருந்தாலே மூக்கு கண்டுபிடிச்சுடும், அதுக்காகத்தான் பழுப்பு பாட்டில், பச்சையும் வெள்ளையும் அந்த அளவுக்குத் தாங்காது. பனையில இருந்து இறக்கின பதநீரை விடியக்காலையில மரத்தடியில குடிக்கறதும் அதையே டப்பாவுல அடைச்சு மெட்ராஸ்ல குடிக்கறதும் ஒண்ணாகுமா? திருப்பூர்ல நீங்க குடிச்சது அந்தப் பேர் போட்ட பீர்தான், அந்த ருசி வழியிலயே எங்கயோ போயிருக்கும்.

இன்னொண்ணும் சொல்லணும். 1986ல கொலோன் சுத்துப்பட்டு 24 பிரூவரிகள் சேர்ந்து ஒரு ஒப்பந்தம் போட்டாங்க, வெளிர் நிறம், வடிகட்டினது, மேல திரளற ஈஸ்ட், இந்த கிளாஸ்லதான் குடுக்கணும்னு, 1997ல ஐரோப்பிய ஒன்றியமும் புவிசார் பாதுகாப்பு குடுத்துச்சு, நம்ம ஊர் புவிசார் குறியீடு மாதிரி. அது பேரையும் செய்முறையையும் காப்பாத்தும். பாட்டில் வழியில வெயில்ல நின்னா காப்பாத்தாது.

உலகத்துலயே பெஸ்ட் பீர் எது?
- வாசகர், கரூர்

எனக்கு பெஃப்கன்ல அப்பத்தான் உடைச்ச பீப்பாயோட மூணாவது கிளாஸ். உங்களுக்கு வேற இருக்கும்.

ஜெர்மனியில பாம்பெர்க்ங்கற ஊர்ல இருந்து மச்சான் ஒரு பாட்டில் கொண்டு வந்தார். மூடியைத் திறந்ததும் கருவாடு சுட்ட வாசனை. ஒரு வாய்க்கு மேல முடியல. இதை ஆசையா குடிக்கிற ஜனமும் இருக்கா?
- வாசகர், சேலம்

இருக்காங்க, நானும் ஒருத்தன். உங்க மச்சான் கொண்டு வந்தது ரௌக்பியர், புகை பீர், பெரும்பாலும் ஷ்லெங்கர்லாங்கற பிரூவரியோடதா இருக்கும்.

கருவாடுன்னு நீங்க சொன்னது சரியான மூக்கு, ஏன்னா மீனைப் புகையில வாட்டுற அதே வேலையை அங்க பார்லிக்குப் பண்றாங்க. பார்லியை ஊற வெச்சு முளை கட்டி அப்புறம் காய வெக்கணும், அதுதான் மால்ட். வெயிலு நம்பிக்கை இல்லாத ஊர்ல அந்தக் காலத்துல விறகு நெருப்புக்கு மேலதான் காய வெச்சாங்க, அதனால பழைய காலத்து பீர் நிறைய ஏதோ ஒரு அளவுக்கு புகை பீராத்தான் இருந்திருக்கும். புகை படாம வெறும் சூட்டுல காய வெக்கற அடுப்பு வந்ததும் ஒவ்வொரு ஊரா புகையை விட்டுட்டாங்க. பாம்பெர்க்ல ஷ்லெங்கர்லா, ஷ்பெட்சியால்ங்கற ரெண்டு பிரூவரியும் விடல, இன்னைக்கும் பீச்ங்கற காட்டு மரத்தோட (பீச் பழ மரம் இல்ல) கட்டையை எரிச்சு தங்களோட மால்ட்டைத் தாங்களே வாட்டிக்கறாங்க. ஷ்லெங்கர்லா வீடு 1405லயே பத்திரத்துல பேர் வந்த இடம், ஷ்பெட்சியால் 1536.

எனக்கும் முதல் கிளாஸ் பிடிக்கல, வெளிப்படையா சொல்றேன். டிசம்பர் மாசம், வெளிய பனி, உள்ள கருத்துப்போன உத்தரம், கவுன்டர் மேலயே மரப்பீப்பாய், எதிர்ல அந்த ஊர் பெரியவர் ஒருத்தர் ஒண்ணும் பேசாம என் முகத்தையே பார்த்துட்டு இருந்தார். ரெண்டாவது கிளாஸ்ல புகைக்குப் பின்னாடி மால்ட்டோட இனிப்பு தெரிஞ்சுது. மூணாவதுல புகையே தெரியல, மூக்கு பழகிடுச்சு, விறகடுப்புல வெச்ச சோறு மாதிரி ஒரு மணம் மட்டும் நின்னுச்சு, எங்க அம்மாச்சி வீட்டு அடுப்படி. அன்னைக்கு எனக்கு அழுகையே வந்துடுச்சு. அந்தப் பெரியவர் அப்பத்தான் தலையை ஆட்டி கிளாஸைத் தூக்கினார்.

ஒரு வாயோட தீர்ப்பு சொல்லாதீங்க. அடுத்த தடவை மச்சான்கிட்ட ஷ்பெட்சியால் கேளுங்க, அதுல புகை குறைவா இருக்கும். இல்லைன்னா ஷ்லெங்கர்லாலயே வெளிர் நிறத்துல ஹெல்லஸ்னு ஒண்ணு உண்டு, அதுக்கு புகை மால்ட் போடறதில்ல, ஆனா அதே அண்டாவும் அதே ஈஸ்ட்டும்ங்கறதால லேசா புகை ஒட்டிக்கிட்டு வரும். அதுல இருந்து ஆரம்பிங்க. கூட எண்ணெயில பொரிச்சது எதாச்சும் இருந்தா நல்லது.

எங்க ஊர் அல்வா ருசிக்கு தாமிரபரணி தண்ணிதான் காரணம்னு சொல்வோம். பீருக்கும் இப்படி தண்ணி கதை உண்டா, இல்ல சும்மா பெருமையா?
- வாசகி, திருநெல்வேலி

அல்வாவுக்கு எவ்வளவு உண்மைன்னு நீங்கதான்மா சொல்லணும், பீருக்கு நிச்சயமா உண்டு, பீர்ல பத்துல ஒன்பது பங்கு தண்ணிதானே.

செக் நாட்டுல பில்சன்னு ஒரு ஊர். 1838ல அந்த ஊர் பீர் மோசமாயிருச்சுன்னு ஜனங்க 36 பீப்பாயை நடுத்தெருவுல கவுத்து ஊத்திட்டாங்க, ஊரே சேர்ந்து புது பிரூவரி கட்டி பவேரியாவுல இருந்து யோசஃப் க்ரோல்னு ஒருத்தரை கூட்டிட்டு வந்தாங்க. 1842 அக்டோபர்ல அவர் காய்ச்சின பீர்தான் இன்னைக்கு உலகம் பூரா பில்ஸ்னர்ங்கறது, தங்க நிறத்துல. அந்த ஊர் தண்ணி ரொம்ப மென்மையானது, உப்புச்சத்தே கிடையாதுன்னு சொல்ற அளவுக்கு, அதனால அந்த நாட்டு சாட்ஸ் ரக ஹாப்ஸ் அத்தனை போட்டும் கசப்பு முள்ளு மாதிரி குத்தாம வழுவழுன்னு இறங்குது. அப்படியே இங்கிலாந்துல பர்ட்டன் ஊருக்கு வாங்க, அங்க கிணத்துல ஜிப்சம் ஜாஸ்தி, அந்தத் தண்ணி ஹாப்ஸ் கசப்பை நறுக்குன்னு எடுத்துக் காட்டும், அதனால அந்த ஊர் பேல் ஏல்ங்கற கசப்பு தூக்கலான பீருக்குப் பேர் போனது. டப்ளின் தண்ணி வேற மாதிரி கடினம், கெட்டிலில் வெள்ளையா படியுமே அந்த சுண்ணாம்பு ரகம், வெளிர் மால்ட் அதுல சரியா வராது, கருக வறுத்த தானியத்துல இருக்கற புளிப்பு அந்தத் தண்ணியை சமன் பண்ணிடுது, அப்போ கருப்பு பீர் அந்த ஊருக்கு பொருந்தி வந்துச்சு.

இந்த வேதியியல் அந்தக் காலத்து ஆளுங்களுக்குத் தெரியாது, காய்ச்சிக் காய்ச்சிப் பார்த்து எது நல்லா வருதோ அதை வெச்சுக்கிட்டாங்க, அது ஊர் பீர் ஆயிடுச்சு. இப்போ எந்த ஊர்லயும் தண்ணியை வடிகட்டி தேவையான உப்பைப் போட்டு பர்ட்டன் தண்ணி மாதிரியே பண்ணிக்கலாம், பண்றாங்க. ஆனா எனக்கென்னவோ அந்த ஊர் கிணத்துத் தண்ணியிலயே பழகின கைக்கு ஒரு நிதானம் இருக்கும்னு தோணும்.

என் பையன் ஜெர்மனியில மாஸ்டர்ஸ் படிக்கிறான். பீர் குடிக்கிறேம்மான்னு அவனே சொன்னான். ராத்திரி தூக்கம் வரல. நீங்க இப்படி புகழ்ந்து எழுதுறது எனக்கு வருத்தமா இருக்கு.
- வாசகி, மதுரை

அக்கா, உங்க வருத்தம் எனக்குப் புரியுது, எங்க குடும்பத்துலயே குடியால ஒருத்தரை இழந்திருக்கோம், நான் இதை லேசா எழுதல. அவனே உங்ககிட்ட சொன்னான் பாருங்க, அதுதான் பெரிய விஷயம், அந்தக் கதவை மூடிடாதீங்க, திட்டினா அடுத்த தடவை சொல்ல மாட்டான். தனியா ரூம்ல குடிக்கிறானா நண்பர்களோட சாப்பாட்டோட குடிக்கிறானான்னு மட்டும் கேளுங்க. தனியா, தினமும், தூக்கத்துக்காகன்னு பதில் வந்தா அப்போ கவலைப்படணும், உடனே யூனிவர்சிட்டியில இருக்கற ஆலோசகரைப் பார்க்கச் சொல்லுங்க. வண்டி ஓட்டினா கறாரா சொல்லிடுங்க, அங்க புதுசா லைசென்ஸ் எடுத்தவங்களுக்கு ரெண்டு வருஷம் ஒரு சொட்டு கூட கூடாது. அப்புறம் ஆல்கஹால் இல்லாத பீர் அங்க எல்லாக் கடையிலயும் உண்டு, கோல்ஷ்லயே உண்டு, அதைக் கேட்டு வாங்கினா யாரும் ஒரு மாதிரி பார்க்க மாட்டாங்க. நானே பாதி நாள் அதைத்தான் குடிச்சேன்.

நான் ஹட்டன் பக்கம் தோட்டத்துல பிறந்தவன், இப்ப டொரன்டோவுல இருக்கேன். ஊர்ல அத்தானோட நுவரெலியாவுல குடிச்ச லயன் ஸ்டவுட்ங்கற கருப்பு பீரோட ருசி இன்னும் நாக்குல இருக்குங்க. இங்க ஒரு கடையில அதே போத்தல் கண்டு ஓடிப் போய் வாங்கினேன். ஐஸ் மாதிரி ஃப்ரிட்ஜ்ல வச்சு குடிச்சா அந்த ருசி இல்ல. மாத்திட்டாங்களா? இல்ல அத்தான் இப்ப இல்லாததால எனக்கு அப்படி தோணுதா?
- வாசகர், டொரன்டோ

உங்க மெயிலை மூணு தடவை படிச்சேன் தம்பி.

கொஞ்சம் மாறித்தான் இருக்கு. 1881ல நுவரெலியாவுல ஆரம்பிச்ச பிரூவரி அது, தேயிலைத் தோட்டம் பெருகின காலத்துல அந்தக் குளிரை நம்பி மலை மேல வெச்சாங்க. பிறகு கொழும்புக்குப் பக்கத்துல பியகமவுக்கு வேலையை மாத்திட்டாங்க, உங்க போத்தல் அங்க இருந்து வந்ததுதான். ஆனா அந்த ஸ்டவுட் கெட்டியானது, 8 சதவீதத்துக்கு மேல ஆல்கஹால், வறுத்த மால்ட், இந்த மாதிரி பீர் தூரப் பயணத்தைத் தாங்கும், மேல திருப்பூர்காரருக்கு சொன்னேனே அந்த கோல்ஷ் மாதிரி வழியில செத்துப் போறதில்ல. அதனால போத்தல் மேல எனக்கு சந்தேகம் கம்மி.

எனக்கு சந்தேகம் உங்க ஃப்ரிட்ஜ் மேலதான். நுவரெலியா கிட்டத்தட்ட 1,900 மீட்டர் உயரம், சாயங்காலமானா 13, 14 டிகிரிக்கு இறங்கிடும், அங்க கடைக்காரர் அலமாரியில இருந்து அப்படியே எடுத்துக் குடுத்திருப்பார், யோசிச்சுப் பாருங்க, ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்தாரா? அந்த மலைக்காத்தோட சூடுதான் ஸ்டவுட்டுக்கு சரியான சூடு. 3 டிகிரியில நாக்கு மரத்துப் போயிடும், அந்த சாக்லேட் மணம், காபி மணம், கடைசியில வர்ற கருப்பட்டி மாதிரி இனிப்பு, ஒண்ணும் மேல எழும்பாது, வெறும் கசப்பும் ஜில்லும்தான் மிஞ்சும்.

அத்தான் இல்லாத குறையை எந்தப் போத்தலும் தீர்க்காது, அதுவும் உண்மைதான், அதை நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா அடுத்த போத்தலை முக்கால் மணி நேரம் முன்னாடியே வெளிய எடுத்து வைங்க, வாய் அகலமான கிளாஸ்ல ஊத்துங்க, ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வெச்சுக்கங்க. குடிச்சுட்டு எப்படி இருந்துச்சுன்னு எனக்கு எழுதுங்க.